ஒரு கை தூரம்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஒன்றுக்கு நான்கு என்று தோற்றோம். அந்த நான்கில் மூன்றை ஒரே ஆள் போட்டான். அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டிய ஸ்டாப்பர் நான். வலது முட்டியில் தோல் உரிந்து, லுங்கி பட்டாலே எரிகிறது. தூக்கம் வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதால் மகளின் பழைய ரஃப் நோட்டை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் பதினைந்துக்கான கப் இது. எட்டு டீம், இரண்டு பிரிவு, அரை மணி அரை மணியாக இரண்டு பாதி. வியாசர்பாடியில் இப்படி ஏதாவது ஒரு கப் நடந்துகொண்டேதான் இருக்கும். ஐ.எஸ்.எல். வரை போன தனபால் கணேஷ் இந்த ஏரியா பிள்ளை என்பதால், ஆறு வயசுப் பொடியன்கூட ஸ்டட்ஸ் கேட்டு அழுவான். மைதானத்தில் புல் கிடையாது. மண், பொடிக்கல், ஓரத்தில் யாரோ கட்டி வைத்த ஆடு.

அவன் முதுகில் 17. சென்டர் ஃபார்வர்ட் என்றால் 9 போட வேண்டும், ஆனால் எங்கள் பக்கம் அந்த நம்பர் ஜெர்சி பையிலேயே கிடக்கும். காரணம் ஊருக்கே தெரியும். அந்தக் கேலி அசிங்கமானது என்று சொன்னால் பையன்களுக்கு அதுவும் ஒரு கேலிதான்.

முதல் கோல். கோலுக்கு முதுகைக் காட்டி நின்றான். நான் ஒட்டிப் போய் நின்றேன், என் மூச்சு அவன் கழுத்தில் படுகிற அளவுக்கு. இருபது வருஷமாக அப்படித்தான் ஆடுகிறேன். முதல் பந்திலேயே ‘நான் இருக்கேன்’ என்று உடம்பால் சொல்லிவிட வேண்டும். அவனோ அதற்காகவே காத்திருந்தவன் போல இடுப்பைப் பின்னால் தள்ளி என் மேல் சாய்ந்தான். நான் தள்ளினேன். நான் கொடுத்த பலத்தையே வாங்கிக்கொண்டு, கதவு கீலில் திரும்புகிற மாதிரி என்னைச் சுற்றித் திரும்பிவிட்டான். கீல் நான்.

இரண்டாவது கிராஸில் வந்தது. வலது விங்கிலிருந்து வந்த பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் முதுகுக்குப் பின்னால் இருந்தான். பந்து கிளம்பியபோது எனக்கு முன்னால் இருந்தான். நடுவில் எப்படி வந்தான் என்று எனக்குத் தெரியாது. முன் போஸ்ட், காலின் உள்பக்கம், உள்ளே.

மூன்றாவதை எழுத வெட்கமாக இருக்கிறது. அவனும் நானும் மட்டும். ஆத்திரத்தில் காலை நீட்டி விழுந்தேன். பந்தை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு, நான் விழுந்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றான். அப்புறம் போனான். மண்ணில் கிடந்தபடியே அவன் அடித்ததைக் கேட்டேன், பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்து ஸ்டட்ஸ் கழற்றும்போது எங்கள் லெஃப்ட் பேக், பத்தொன்பது வயசு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அடுத்த தபா மாட்டுனா கால ஒடச்சுடலாம்ணா.” நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.


ஆகஸ்ட் 4, திங்கள்

பட்டறையில் நாள் முழுக்க நொண்டினேன். லேத் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பது, நேற்று ஆடியவனுக்குத் தனி தண்டனை.

வீட்டில், “முப்பத்தொம்போது வயசாவுது, இருவத்திரெண்டு வயசுப் பையன தொரத்துறீங்க” என்றாள். தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னது. அவன் வயசு இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “தண்ணி கேன் போடுற புள்ளதானே? அடுத்த தெருவுக்கு அவன்தான் போடுறான்.”


ஆகஸ்ட் 6, புதன்

மாஸ்டர் டீக்கடையில் கிடைத்தார். எங்களுக்கெல்லாம் பந்து சொல்லிக்கொடுத்தவர், ஹார்பர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிப் பல வருஷம். ஸ்கோர் ஏற்கெனவே அவர் காதுக்குப் போயிருந்தது.

“ஒட்டி நின்னியா?”

“ஆமா மாஸ்டர்.”

“அவன் சாயறதுக்கு நீயே செவுரு கட்டிக் குடுத்துருக்க.”

எழுந்து நின்று, என்னைத் திருப்பி, கையை முழுசாக நீட்டி விரல் நுனியால் என் முதுகைத் தொட்டுக் காட்டினார். ஒரு கை தூரம். அவன் எங்கே இருக்கிறான் என்று உனக்குத் தெரியும், நீ எங்கே இருக்கிறாய் என்று அவனுக்குத் தெரியாது. பந்து அவனை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது நீயும் வந்துகொண்டிரு. அவன் காலில் விழும் நேரத்தில் நீ நின்றிருக்க வேண்டும். ஓடி வருகிற ஸ்டாப்பரை ஏமாற்றுவது சுலபம். நின்றுவிட்டவனை ஏமாற்ற அவன்தான் ஏதாவது செய்தாக வேண்டும்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். பத்து வருஷமாகப் பையன்களுக்கு நானே சொல்கிறேன். சொல்லும்போது மட்டும் தெரிகிற விஷயங்களில் இது ஒன்று.

பிறகு அவர் வழக்கமான கச்சேரி ஆரம்பமானது. 1982 ஸ்பெயின் உலகக் கோப்பையில் இத்தாலியின் ஜென்டிலே மாரடோனாவை மார்க் செய்த கதை. அந்த ஒரே ஆட்டத்தில் 23 ஃபவுல் செய்தார் என்று கணக்குச் சொல்வார்கள். அடுத்த ஆட்டத்தில் பிரேசிலின் ஜீக்கோ, ஜெர்சியே கிழிந்தது. “இன்னிக்கு அப்பிடி ஆடுனா பத்தாவது நிமிஷம் பெஞ்சுல ஒக்காந்து தண்ணி குடிக்கணும்” என்றார். பின்னாலிருந்து ஆளைச் சாய்த்தால் நேராகச் சிவப்பு என்று 1998 உலகக் கோப்பைக்கு முன் விதியை இறுக்கியபோதே அந்தக் காலம் முடிந்துபோயிற்று என்பது அவர் கட்சி.

அவருக்குப் பிடித்தவர் ஜென்டிலே இல்லை, ஜெர்மனியின் பெர்ட்டி ஃபோக்ட்ஸ். 1974 ஜூலை 7, மியூனிக், ஃபைனல். டச்சுக்காரர்கள் கிக் ஆஃப் எடுத்தார்கள். கிரைஃப் தன் பாதியிலிருந்து கிளம்பி ஃபோக்ட்ஸைத் தாண்டி உள்ளே போனார், ஹோனஸ் தட்டிவிட்டார், பெனால்டி, நீஸ்கென்ஸ் போட்டார். ஜெர்மனிக்காரன் ஒருத்தன்கூட அதுவரை பந்தைத் தொடவில்லை. இப்படி ஆரம்பித்த ஆட்டத்தைத்தான் ஜெர்மனி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. “எப்பிடி?” என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். ஃபோக்ட்ஸ் விடாமல் கூடவே திரிந்தார். அந்தத் தொல்லை தாங்காமல் கிரைஃப் பந்து வாங்கக் கீழே, இன்னும் கீழே போனார். கோலிலிருந்து ஐம்பது கெஜம் தள்ளி ஒருத்தன் எவ்வளவு அழகாகத் திரும்பினால்தான் என்ன?

அதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ராத்திரி யோசித்தால், இது நான் தினமும் செய்கிற வேலைதான். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இடைவெளியே விடாமல் போட்டால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூட விட்டால் லொடலொடவென்று ஆடி, நாலு மாதத்தில் முட்டை மாதிரி தேய்ந்துவிடும். நடுவில் விட வேண்டியது மயிரிழை. வெர்னியர் வைத்துப் பார்க்கிறேனே தவிர, அளவு கைக்குத் தெரியும். அந்தக் கை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கே போனது?


ஆகஸ்ட் 8, வெள்ளி

அவன் பட்டறைக்கே வந்தான்.

நிமிர்ந்து பார்த்தேன், வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். வெளியே மீன்பாடி வண்டி, மேலே இருபது லிட்டர் கேன்கள். என்னைப் பார்த்ததும் அவனுக்கும் ஒரு திக். பிறகு சிரித்தான். “உங்க கடைன்னு தெரியாதுண்ணா.”

முன் சக்கரத்து புஷ் தேய்ந்துபோயிருந்தது. கழற்றிக் கையில் கொண்டுவந்திருந்தான், ஒரு பக்கம் மட்டும் தின்றுபோய். கன்மெட்டலில் செய்தால் நாள்பட நிற்கும், துண்டு வாங்க வேண்டும், அடுத்த வாரம் ஆகும் என்றேன். “ஆவட்டும்ணா, அதுவரைக்கும் பழசு ஒண்ணு கெடக்குது, போட்டு ஓட்டுறேன்.”

எதிர் வீட்டு மாடிக்கு இரண்டு கேன் போட வேண்டியிருந்தது. வலது தோளில் ஒன்று, கையில் ஒன்று. நாற்பது கிலோ. மூன்று மாடி. அந்த இடுப்பு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. தினம் நாற்பது ஐம்பது கேனைத் தூக்கி மாடி ஏறுகிறவன் மேல் நான் போய் முட்டியிருக்கிறேன்.

இறங்கும்போது இடது காலைக் கொஞ்சம் தாங்கி வைத்தான். பேண்ட் ஓரம் மேலேறியதில் கணுக்காலில் க்ரேப் பேண்டேஜ் தெரிந்தது. நான் பார்த்ததை அவன் பார்த்தான்.

“படியில வழுக்கிடுச்சுண்ணா. ஒண்ணுமில்ல.”

“ஐஸ் வெச்சியா?”

“வெக்கிறேன்.”

டீ வாங்கிக் கொடுத்தேன். மூன்றாவது கோலைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு அவனைப் பிடிக்காமல் போயிருக்கும், அது எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.


ஆகஸ்ட் 9, சனி

எங்கள் ஆட்டத்துக்கு முன்னால் அவர்கள் ஆட்டம். கோல் போஸ்டுக்குப் பின்னால் செங்கல் மேல் உட்கார்ந்து பார்த்தேன். பந்தைப் பார்க்கக் கூடாது, அவனை மட்டும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்தேன். கஷ்டம். கண் தானாகப் பந்துக்கு ஓடுகிறது. அந்த இரண்டாவது கோல் எப்படி விழுந்தது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

பார்த்தது இது. அவன் அதிகம் ஓடுவதில்லை. எதிர் ஸ்டாப்பரின் பின்தோளுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருக்கிறான். ஸ்டாப்பர் கழுத்தைத் திருப்பினால் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிடுகிறான். சுடுவது வலது காலால். திரும்புவது, முதுகில் எந்தப் பக்கம் அழுத்தம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம். அழுத்தமே இல்லாதபோது ஒரு கணம் தயங்குகிறான், தலையைத் திருப்பிப் பார்க்கிறான். அந்தத் தயக்கம் எனக்குத் தேனாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகுதான் இன்னொன்று பிடிபட்டது. அவனுக்குப் போகிற பந்து எல்லாம் ஒரே இடத்திலிருந்து போகிறது. 8 போட்ட குள்ளப் பையன், இடது காலன். அவன் தலையைத் தூக்கிப் பார்க்கிறான், அதுதான் சிக்னல். உடனே 17 நகர்கிறான். 8 குனிந்து பந்தோடு போராடிக்கொண்டிருந்தால் 17 சும்மா நிற்கிறான், ஜெர்சியை இழுத்து முகம் துடைக்கிறான். தெருக்குழாயில் நின்று சண்டை போட்டு என்ன பிரயோஜனம், வால்வு அந்தக் கோடியில் இருக்கிறது. மெட்ராஸில் பிறந்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

அவர்கள் மூன்றுக்குப் பூஜ்யம். அவன் இரண்டு. ஆனால் கடைசிப் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்துவிட்டான். ஸ்கோர் போதும் என்று உட்கார வைத்தார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

நாங்கள் 1–1.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

2–0. பிரிவில் இரண்டாவது இடம், செமி உறுதி. எதிரில் இருந்த ஃபார்வர்ட் பந்தைவிட ரெஃபரியிடம் அதிகம் பேசினான். எழுத ஒன்றுமில்லை.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

சாயங்காலம் பிராக்டிஸ் தொடங்கிய கால் மணியில் இடி மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் என்று அந்தப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் உடனே கிளம்பிவிட்டார்கள். மீதி ஏழு பேர் கோயில் மண்டபத்தில் ஒதுங்கினோம். தரையில் செருப்பையும் பாட்டிலையும் வைத்து ஆட்டத்தை விளக்கினேன்.

ஃபைனலில் அவர்கள்தான் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹாஃப் பேக் 8ஐ விட்டு நகரக் கூடாது. அவன் காலிலிருந்து பந்தைப் பிடுங்க வேண்டியதில்லை, தலை தூக்க விடாமல் இருந்தால் போதும். நான் 17க்குப் பின்னால் ஒரு கை தூரம், பந்தும் அவனும் ஒருசேரக் கண்ணில் படும்படி பாதி திரும்பிய உடம்போடு. இன்னொரு ஸ்டாப்பர் எனக்குக் குறுக்காக ஐந்தாறு அடி பின்னால். நான் ஏமாந்தால் அவன். கீப்பர் கோட்டில் ஒட்டிக்கொண்டு நிற்காமல் வெளியே வந்து நிற்க வேண்டும், எங்களைத் தாண்டி விழுகிற பந்து அவனுடையது.

“ஹெட்டிங் என்னா பண்றது? உங்கள விட ஒரு சாண் ஒசரம்” என்றான் கீப்பர். உயரம் பாதி சாக்கு. கன்னவாரோ 1.76 மீட்டர்தான், உலகக் கோப்பையைத் தூக்கிய 2006இல் பலோன் டோரும் வாங்கினார். நான் பந்தை ஜெயிக்க வேண்டாம், அவன் சுகமாக எம்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவனுக்கு முன்னாலேயே நான் எம்பிவிட்டால் அவன் தலை பட்டும் படாமலும் போகும். கீழே விழுகிற அந்தப் பந்தைப் பொறுக்க ஒருத்தன் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆஃப்சைடு பொறி வைக்கலாமா என்று கேட்டார்கள். கொடி பிடிக்கிறவன் அவர்கள் டீம் தம்பியா நம் டீம் தம்பியா என்று தெரியாத கப்பில் ஆஃப்சைடை நம்பி ஆடுவது, சீட்டுக் கம்பெனியில் பணம் போடுவது மாதிரி. ஆனாலும் கொஞ்சம் மேலேறி நிற்கலாம், அவனைக் கோலிலிருந்து தள்ளி வைக்க. ஃபோக்ட்ஸ்.

எந்தப் பக்கம் அவனைத் திருப்பிவிடுவது? வலது காலன். இடது பக்கம் தள்ளு. பாடப்புத்தகம் அதைத்தான் சொல்லும், நானும் அதைத்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்த க்ரேப் பேண்டேஜ் ஞாபகம் வந்தது. அதுவும் இடது கால்.

லெஃப்ட் பேக் கேட்டான், “அவனுக்கு எங்கியாவது அடி கிடி இருக்காண்ணா? அன்னிக்கி வெளிய ஒக்காந்தானே.”

“தெரியாது” என்றேன்.

மழை விடவில்லை. மாஸ்டர் குடையோடு வந்து சேர்ந்தார், நான் வைத்திருந்த செருப்பையெல்லாம் பார்த்தார். “எல்லாரும் அவனைத் தடுக்கிறதையே பேசுறீங்களே, கோல் யாரு போடுறது?” என்றார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை எடுத்தார். ஜர்னைல் சிங், ஸ்டாப்பர். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. கோச் ரஹீம் அவரைக் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். தென் கொரியாவோடு ஃபைனலில் பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. 2–1, தங்கம். “ஸ்டாப்பருக்குத் தெரியும், எங்க நின்னா ஸ்டாப்பருக்கு வலிக்கும்னு.”

பையன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் முன்னால் போனால் திரும்பி வர ஆட்டோ பிடிக்க வேண்டும்.


ஆகஸ்ட் 14, வியாழன்

கன்மெட்டல் துண்டு வந்தது. மதியம் புஷ்ஷைக் கடைந்துவிட்டேன். வெளி விட்டம் தேய்ந்த புஷ்ஷிலிருந்து கிடைத்தது. உள் விட்டம் மட்டும் அவன் ஆக்ஸிலைப் பார்த்தால்தான் முடிக்க முடியும், கொஞ்சம் இறுக்கமாகவே விட்டு வைத்திருக்கிறேன். அவன் வரவில்லை.


ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் கொடி, ஆரஞ்சு மிட்டாய். பத்து மணிக்கு செமி. வெயில் மண்டையைப் பிளந்தது. 0–0, டை பிரேக்கரில் 3–2. எங்கள் கீப்பர் இரண்டைப் பிடித்தான். ஒன்றைப் பிடித்ததற்கு அவனே காரணம், இன்னொன்றுக்கு அடித்தவன்.

மத்தியானம் மற்ற செமி. 17 இரண்டு போட்டான். காலில் பெரிய சாக்ஸ், பேண்டேஜ் இருக்கிறதா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் அவ்வளவு நேரம் வெயிலில் நின்றேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். கப் என் வீட்டு டி.வி. மேல் இல்லை, கீப்பர் வீட்டில் இருக்கிறது. நல்லது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் பாதி. இருபது வருஷத்தில் நான் ஆடிய நல்ல அரை மணி நேரம் அது. முதல் பந்துக்கு அவன் வழக்கம்போல இடுப்பைப் பின்னால் தள்ளினான். பின்னால் யாரும் இல்லை. அரை அடி தடுமாறி, திரும்பிப் பார்த்தான். விரல் நுனி அளவுக்குத்தான் நான் இருந்தேன். பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் பந்து வாங்க ஐந்து கெஜம் கீழே இறங்கினான், பத்து கெஜம் இறங்கினான். ஹாஃப் பேக் 8ஐ அப்படிப் பிடித்திருந்தான், அந்தக் குள்ளப் பையன் ஆட்டம் முழுக்கத் தன் ஸ்டட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு தடவை 17 என்னை நேருக்கு நேர் சந்தித்தான். நான் விழவில்லை. பக்கவாட்டில் நின்று, பின்னால் நகர்ந்து, நகர்ந்து, அவனை இடது பக்கம் போக வைத்தேன். இரண்டு தடவையும் இடது காலால் அடித்தான், இரண்டும் ஆட்டுக்குப் பக்கத்தில் போய் விழுந்தன. அடிக்கும்போது அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். மறுபடியும் இடது பக்கம் அனுப்பினேன்.

38வது நிமிடம், கார்னர், எங்கள் ஹாஃப் பேக் தலையால் போட்டான். 1–0.

47வது நிமிடம் என்று நினைக்கிறேன். பந்து பக்கக் கோட்டுக்கு ஓடியது. 17 அதை வாங்கப் போனான். எங்கள் லெஃப்ட் பேக் ஓடி வந்து சறுக்கினான். லேட். பந்து போன பிறகு கால் வந்தது. இடது கணுக்கால். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ரெஃபரி மஞ்சள் காட்டினார். சிவப்புக்குக் கேட்டுச் சண்டை, பெஞ்சிலிருந்து எல்லோரும் உள்ளே, இரண்டு நிமிடம் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

அவன் எழுந்து உட்கார்ந்தான். தன்னை அடித்தவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

‘நான் சொல்லலடா’ என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஆட்டத்துக்கு நடுவில் எப்படிக் கத்துவது?

வெளியே போகவில்லை. ஸ்பிரே அடித்துக்கொண்டு நொண்டியபடி நின்றான். அவனால் இனி ஓட முடியாது என்று எங்கள் டீம் முழுக்க மேலேறியது, நானும்தான். 55வது நிமிடம் எங்கள் பாதியில் அவர்களுக்கு த்ரோ. நாங்கள் ஒரே கோடாக ஏறி நிற்கிறோம், அவன் எங்களுக்குப் பின்னால் பத்து கெஜம் தனியாக நிற்கிறான். ஆஃப்சைடு என்று கையைத் தூக்கிக்கொண்டே பந்து என் தலைக்கு மேல் போவதைப் பார்த்தேன். த்ரோவுக்கு ஏது ஆஃப்சைடு? பத்து வயசில் படித்த விதி. நெஞ்சில் வாங்கினான், பந்து இடது பக்கம் விழுந்தது, வலதுக்கு மாற்ற நேரமில்லை. இடது காலாலேயே அடித்தான். கீப்பர் அசையவே இல்லை.

1–1. குதிக்கவில்லை, கை தூக்கவில்லை. என்னைக் கடந்து நடந்துபோனான்.

டை பிரேக்கரில் அவன் அடிக்க வரவில்லை. கோட்டுக்கு வெளியே, ஐஸ் பையில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 4–3 எங்களுக்கு. மேளக்காரர்களை யாரோ ஏற்கெனவே கூப்பிட்டு வைத்திருந்தார்கள்.

லெஃப்ட் பேக்கைத் தனியாக அழைத்துக் கேட்டேன். “சத்தியமா பந்துக்குத்தாண்ணா போனேன்.” அழுதுவிடுவான் போல இருந்தது. நம்பினேன். முக்கால்வாசி.


ஆகஸ்ட் 18, திங்கள்

பட்டறைக்கு வந்தவர்கள் எல்லோரும் கை கொடுத்தார்கள். ‘பதினேழை மடக்கிட்டியாமே.’ எதிர் வீட்டுக்கு இன்று கேன் போட வந்தது வேறு ஆள், வயசானவர். ஒவ்வொரு கேனாகத்தான் ஏற்றினார்.


ஆகஸ்ட் 20, புதன்

ஷட்டர் இறக்கப்போகிற நேரம் வந்தான். தம்பி வண்டியை ஓட்ட, இவன் மேலே உட்கார்ந்து வந்தான். எலும்பு முறிவு இல்லையாம். சவ்வு. மூன்று வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று வாரம் தம்பிதான் தூக்க வேண்டும், அவனுக்கு பாலிடெக்னிக் வகுப்பு போய்விடும்.

சக்கரத்தைக் கழற்றி ஆக்ஸிலை அளந்தேன். புஷ்ஷை சக்கில் மாட்டினேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து, காலைப் பெயின்ட் டப்பா மேல் வைத்துக்கொண்டான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது கேட்டான். அந்தச் சத்தத்தில் கேட்டால் சுலபம் என்று நினைத்திருப்பான்.

“நீங்க சொன்னீங்களாண்ணா? அந்தப் பையன்கிட்ட?”

மெஷினை நிறுத்தினேன்.

“இல்ல.”

தலையாட்டினான். “நானும் அப்பிடித்தான் நெனச்சேன்” என்றான். அப்படி நினைத்தவன் ஏன் கேட்டான் என்று நானும் கேட்கவில்லை. இடது பக்கம் அனுப்பியதைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாடப்புத்தகத்தைச் சொல்லியிருப்பேன்.

கடைசி வெட்டு எடுத்து, பிசிறு தட்டி, எண்ணெய் தொட்டு ஆக்ஸிலில் போட்டுப் பார்த்தேன். கையால் தள்ள வழுக்கிக்கொண்டு போனது. சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டேன். இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப் பார்த்தான், ஆடவில்லை.

“எவ்ளோண்ணா?”

“மூணு வாரம் கழிச்சுக் குடு.”

“இல்லண்ணா, சொல்லுங்க.”

சொன்னேன். எண்ணிக் கொடுத்தான். ஐம்பது ரூபாய் குறைத்துச் சொன்னதை அவன் கவனித்த மாதிரி தெரியவில்லை.